மாடிக்கு ஏறாத சூடு

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்துப் பக்குரங்காவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பருவங்கள் நடக்கும். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் கீழ்த்தளத்தில் நான் பனியனோடு உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் குடிக்க மேலே போகலாம் என்று மாடிப்படி ஏறினால் பாதிப் படியிலேயே ஸ்வெட்டரைத் தேடத் தோன்றும். மேலே சமையலறையில் நின்று பேசினால் வாயிலிருந்து புகை வரும். தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுக்கப் பாட்டிலுக்குள் கல்லாக இருக்கும். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெளிநாட்டு வீடென்றால் சுவரெல்லாம் சூடாக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக்லாந்தின் பழைய மர வீடுகளில் அப்படியெல்லாம் கிடையாது. வெளியே வீசுகிற காற்று, கொஞ்சம் மரியாதைக்காகத் தயங்கிவிட்டு, உள்ளேயும் வீசும்.

எங்கள் வீடு சரிவில் கட்டியது. சாலையிலிருந்து நேராக நுழைவது மாடிக்குத்தான். சமையலறை, படுக்கையறைகள் எல்லாம் அங்கே. உள்ளே படியிறங்கிப் போனால், பாதி மலைக்குள் புதைந்த மாதிரி ஒரு பெரிய அறை. அங்கேதான் விறகு அடுப்பு இருக்கிறது. சமைக்கிற அடுப்பு இல்லை, குளிர்காய்கிற அடுப்பு. கண்ணாடிக் கதவு வைத்த கனத்த இரும்புப் பெட்டி. இங்கே ‘லாக் பர்னர்’ என்பார்கள். புகைபோக்கி பின்சுவர் வழியாக வெளியே போய்விடுவதால் மாடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பக்கத்து ஒடாஹுஹுவிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டும் விறகில் இரண்டு மூன்று கட்டை வைத்தால் கீழறை வேர்த்துப் போகும். மாடி மட்டும் ஐஸ்பெட்டியாகவே இருக்கும்.

எனக்கு இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணமான புதிதில் கோவில்பட்டியில் நாங்கள் இருந்ததும் ஒரு மாடிப் போர்ஷன்தான். அங்கே சூடு மேலிருந்து இறங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சாயங்காலம் எங்கள் தலையில் அதைக் கக்கும். நான் வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன். ஈரத்தளத்திலிருந்து ஆவி கிளம்பும். கோமதி கீழே நின்று, "அது கீழ வர்ற சூடுதான், நீங்க ஊத்துறதுக்கு முன்னாடியே உள்ள வந்தாச்சு" என்று சிரிப்பாள். அவள் என் மனைவி. ஊரில் பெண்கள் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியை. சூட்டை எப்படித் துரத்துவது என்பதுதான் அந்த வீட்டில் எங்கள் ஒரே கவலை. அதைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டிய காலம் ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி பகுதியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். வர விரும்பியவன் நான். கோமதி எனக்காக வந்தவள். இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய அவள் இன்னும் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். முதலில் செய்கிறேன் என்றாள், பிறகு பார்க்கலாம் என்றாள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கு எப்போது திரும்புவோம் என்பதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சூப்பர்மார்க்கெட்டில் முருங்கைக்காய் காணாவிட்டால் கேட்பாள். தீபாவளிக்கு லீவு இல்லை என்றால் கேட்பாள். குழந்தை உண்டானதும் அந்தக் கேள்வி கொஞ்சம் ஓய்ந்தது. மாடியில் கடைசி அறையைத் துடைத்துத் தொட்டில் போட்டோம்.

போன மே மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. கயல் என்று பெயர் வைத்தோம். கொஞ்ச நாள்தான் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை. அப்பாவிடம் போனில் கேட்டேன். "மண்ணுலதான்ப்பா வைக்கணும்" என்றார். அதனால் இங்கேயே, குழந்தைகளுக்கென்று தனியாக விட்டிருக்கும் ஒரு புல்வெளி ஓரத்தில் வைத்தோம். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. கோமதி தன் சால்வையைக் கழற்றி அந்தச் சின்னப் பெட்டியின் மேல் போட்டாள். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. சால்வையோடு சேர்த்தே இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்த கோமதி நேராகத் தொட்டில் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வருவாள், குளிப்பாள், நான் வற்புறுத்தினால் இரண்டு கவளம் சாப்பிடுவாள், மறுபடி உள்ளே போவாள். அந்த வீட்டிலேயே மிகக் குளிரான அறை அது. தெற்கே பார்த்த அறை. இந்த நாட்டில் வெயில் வடக்கே இருந்து வருவதால் தெற்கறைக்கு வெயிலே கிடையாது. கீழே வந்து அடுப்பருகே உட்காரச் சொன்னேன். வரவில்லை. ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி அறைக்குள் வைத்தேன். சாயங்காலம் அது ஒயர் சுருட்டப்பட்டுக் கதவுக்கு வெளியே இருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

இரண்டு வீடு தள்ளி ரஞ்சி அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. புட்டும் முட்டைப் பொரியலும் எடுத்துக்கொண்டு வந்து கோமதியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். ஒருநாள் வாசலில் நிறுத்தி, "என்ன அக்கா, குளிர்லயே கெடக்கா, உடம்புக்கு ஏதாவது ஆயிடும்" என்று புலம்பினேன். அவர் பாத்திரத்தைத் துணியில் சுற்றியபடி சொன்னார்.

"ஓம் தம்பி. நானும் கதைச்சுப் பாத்தனான். அவவுக்குக் குளிருறது தெரியாமலில்லை. தெரிஞ்சுதான் இருக்கிறா."

அதன் பொருள் அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஹீட்டரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். கீழே இருக்கிற சூட்டை அவளுக்குத் தெரியாமல் மேலே அனுப்பிவிட்டால் போதும் என்று தோன்றியது. அதற்கப்புறம் அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. வேறு எதுவும் என் கைக்குள் இல்லாதபோது இது ஒன்றாவது இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. மாடிப்படியின் அடியில் ஒரு மின்விசிறியை மேலே பார்க்கத் திருப்பி வைத்தேன். அது போதவில்லை என்று இன்னொன்று வாங்கினேன். படிக்கட்டின் வாயில் தொங்கிய திரையை அவிழ்த்தேன். அடுப்பில் கட்டைக்கு மேல் கட்டையாகத் திணித்தேன். கீழறையில் நிற்க முடியாதபடி அனல் அடித்தது. மேலே போய் நடைவழியில் கையை நீட்டிப் பார்த்தால் அதே குளிர். ஊதிவிட்ட சூடு படியின் பாதிவரை போய், ஏதோ சுவரில் முட்டிக்கொண்டது மாதிரி, திரும்பி என் முகத்திலேயே அடித்தது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் க்ரேக் புகை அலாரத்தைச் சோதிக்க வந்தார். நல்ல மனிதர், எப்போதும் அரைக்கால் சட்டைதான், பனிக்காலத்திலும். படியடியில் விசிறிகளையும் என் வேர்த்த முகத்தையும் பார்த்தார். மேலே சூடு போக மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அவர் அடுப்பின் தலையில் கை வைப்பது போல வைத்து எடுத்து, "ஷீல் பி ரைட், மேட்" என்றார்.

‘அவள் சரியாகிவிடுவாள்’ என்று ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோமதியைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்கள், ஒருவேளை ரஞ்சி அக்காவோ என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவள் சாப்பிடுவதே இல்லை, அந்த அறையை விட்டு வருவதில்லை என்று என் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். க்ரேக் விழித்தார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாடியைக் காட்டி, என் மனைவி, குழந்தை, என்று இரண்டு சொல் சொன்னபிறகுதான் அவருக்கு விளங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ரஞ்சி அக்காதான் விளக்கினார். இங்கே அடுப்பு, கார், படகு எல்லாமே ‘ஷி’தானாம். எல்லாம் சரியாகிவிடும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம்.

இந்த ஊரின் ‘ஷி’ அதற்கு முன்பே என்னை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கோமதியிடம்கூட. ஆஸ்பத்திரியில் அன்று காலை கயலின் சுவாசக் குழாயை எடுத்துவிட்டு அவளாக மூச்சுவிடுகிறாளா என்று பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். கோமதி குழந்தையருகே இருந்தாள். நான் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். அதை ஒரு பரீட்சை மாதிரியே மனதில் வைத்திருந்தேன். டீச்சரின் மகளாயிற்றே, எப்படியும் தேறிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம் நர்ஸ் வந்து என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "ஷீஸ் பாஸ்ட்" என்றாள்.

நான் சிரித்தேன். பாஸாகிவிட்டாள் என்றுதான் என் காதில் விழுந்தது. நாமெல்லாம் அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லையே. எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தபோது உள்ளேயிருந்து கோமதியின் அழுகுரல் கேட்டது. இறந்துபோனதையும் இங்கே அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். என் மகள் உயிரோடு இல்லாத உலகத்தில் நான் ஒரு மூச்சு நேரம் மிகுந்த சந்தோஷத்தோடு இருந்திருக்கிறேன். அந்த ஒரு மூச்சை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் படியில் உட்கார்ந்து விசிறியை ஒரு ஸ்டூலின் மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உயரத்தில் வைத்தால் ஏறுமோ என்று ஒரு யோசனை. தலைக்கு மேல் நிழல் ஆடியது. படியின் உச்சியில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அத மேல கொண்டாங்க" என்றாள்.

"என்னது?"

"ஃபேன. கீழ இருந்து நீங்க எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. மேல உள்ள குளிர் காத்து எங்க போகும்? அது எறங்க எடம் வேணும்லா."

நான் விசிறியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அவள் அதை வாங்கி, நடைவழியின் தரையில், படியின் வாயருகே, கீழே பார்க்க வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் கீழே ஊதிவிடப் போகிறாளா என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு, சாமி அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்தாள். தரையோடு பிடித்தபோது புகை சரசரவென்று படியிறங்கிக் கீழே போனது. அதையே கையை உயர்த்திக் கூரையோரமாகப் பிடித்தாள். புகை எங்கள் பக்கம் திரும்பி, மெல்ல, மேலே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என் கன்னத்தில் சூடு பட்டது.

"கனமான காத்து தரையோட எறங்கும். அது எறங்க எறங்க லேசான காத்து தானா மேல வரும். வெப்பச்சலனம். ஒம்பதாங்கிளாஸ் பாடம்."

வகுப்பில் பேசுகிற குரல் அது. அந்தக் குரலை நான் இந்த நாட்டில் கேட்டதே இல்லை. நான் அழுதுவிடக் கூடாது என்று ஊதுபத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடைவழி கதகதப்பானது. கோமதி ஊதுபத்தியை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். அவள் கதவைச் சாத்தப் போனபோது கேட்டேன்.

"கதவு திறந்தே இருக்கட்டுமே. இல்லன்னா உள்ள வராதுல்லா."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ மண்ணுக்குள்ள குளிர்ல கெடக்கா. எனக்கு எதுக்குங்க சூடு?"

கதவு சாத்திக்கொண்டது. ரஞ்சி அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகும் நான் அடுப்பை அணையவிடவில்லை. நடைவழியில் அவள் கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கேயே வேலை பார்த்தேன். கதவின் அடியிடுக்கில் அவள் பக்கத்துக் குளிர் என் கணுக்காலில் பட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் ஒரு நண்பன் தன் கம்பெனியில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டான். இதைக் கேட்டால் கோமதிக்கு உயிர் வரும் என்று நம்பினேன். இத்தனை வருஷமாக அவள் கேட்டதும் இதைத்தானே. கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். ஊருக்கே போயிரலாம் கோமதி, மொத்தமாக, இனி வர வேண்டாம் என்றேன்.

கதவைத் திறந்தாள்.

"நீங்க போங்க. நான் வரல."

"நீதானே எப்பவும்..."

"சாம்பலா இருந்தா மடியில வச்சுக் கொண்டு போயிருப்பேன். மண்ணுல வச்சாச்சு. எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

நண்பனுக்கு வரவில்லை என்று எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் மழைவிட்டு நல்ல வெயில் அடித்த ஒரு நாளில் கோமதியாகவே கயலைப் பார்க்கப் போகலாம் என்றாள். அன்றைக்கு வைத்துவிட்டு வந்தபிறகு அங்கே அவள் போகவே இல்லை. புல் ஈரமாக இருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்திருந்தாள். பிறகு பக்கத்தில் புதிதாகக் கொத்திப் போட்டிருந்த மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"மேல எவ்வளவு குளிர்ந்தாலும் அடிமண்ணு அவ்வளவு குளிராதுங்க. ஆழத்துல வருஷம் பூரா ஏறக்குறைய ஒரே சூடுதான். நம்ம ரூம விட அங்க குளிர் கம்மியாத்தான் இருக்கும்."

"அப்படியா?"

"ஆமா. நான் பிள்ளைங்களுக்கு நடத்தியிருக்கேன். இத்தன நாள் எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

பிள்ளையைக் குளிர் அண்டாது என்பதற்கு ஒரு தாய் பாடப்புத்தகத்தில் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு தூரம் சரி என்று நான் சரிபார்க்கவில்லை. அவள் தோளைப் பிடித்து எழுப்பினேன். அன்றிலிருந்து அந்த அறைக்கதவு திறந்தே இருந்தது. அவள் குணமாகிவிட்டாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடு உள்ளே வர மட்டும் விட்டாள். இரண்டு பேரும் தொட்டிலைப் பார்த்தபடி கதகதப்பில் உட்கார்ந்து அழுதோம்.

இந்த ஜனவரியில் கோமதியின் தம்பி கல்யாணத்துக்காக ஊருக்குப் போனோம். அவள் வர மாட்டாள் என்றுதான் பயந்தேன். நாங்கள் இல்லாத வாரங்களில் தான் போய்ப் பூ வைத்துவிட்டு வருவதாக ரஞ்சி அக்கா சொன்னபிறகு சம்மதித்தாள். சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு ரயிலில் போனோம். விருதுநகர் தாண்டும்போது நன்றாக விடிந்து, ஜன்னல் கம்பியில் கை வைத்தால் இளஞ்சூடு. எதிர் இருக்கையில் ஒரு அம்மா, கோமதியின் அம்மா வயது இருக்கும், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எங்களுக்கும் நீட்டினார். எந்த ஊர், எங்கே வேலை என்று பேச்சு போனது. நியூசிலாந்து என்றதும் அது ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்திலா என்று கேட்டார். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"பிள்ளைங்க எத்தன?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி பதில் சொல்லிவிட்டாள்.

"ஒரு பொண்ணு."

"கூட்டிட்டு வரலியா?"

"இல்லம்மா. அங்கதான் இருக்கா."

"யாருகிட்ட விட்டுட்டு வந்தீக?"

கோமதி என்னைப் பார்த்தாள். தெரிந்த அக்கா ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை. அந்த அம்மாவுக்கு மனது ஆறவில்லை.

"அங்க குளிர் ஜாஸ்திம்பாகளே. சின்னப் பிள்ள தாங்குமா?"

"அவ அந்த ஊர்லயே பிறந்தவம்மா. அவளுக்குப் பழகியிருக்கும். எங்களுக்குத்தான் இன்னும் பழகல."

அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இன்னொரு இட்லியை எடுத்துக் கோமதியின் கையில் வைத்தார். சாத்தூர் வந்து, வண்டி நின்று, கிளம்பியது. வெயில் ஏறி ஜன்னல் கம்பி சுட ஆரம்பித்தது. கோமதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் போய்க்கொண்டிருந்த கரிசல் காட்டையே பார்த்தபடி வந்தாள். ஷட்டரை இறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆக்லாந்தில் இப்போது மணி என்ன என்று கேட்டாள்.